ஓர் ‘அல்லது’வின் எடை: திருகோணமலையின் வால்வு விரியலாக்கிகளும் தடையித் தெரிவும்

வீட்டில் கட்டிய வால்வு விரியலாக்கிகளைப் பற்றிய எழுத்துகளில் ஒரு முடிவு கேள்வியில்லாமல் கைமாறி வருகிறது: கையில் அகப்பட்டதை வைத்துக் கட்டினார்கள், தடையியைத் தெரிந்தெடுத்தது கட்டியவரல்ல, தட்டுப்பாடு. திருகோணமலை போன்ற துறைமுகத்துக்கு இந்த முடிவு இன்னும் இலகுவாகப் பொருந்திவிடுகிறது. 1957 வரை பிரித்தானியக் கடற்படை இருந்த ஊர். 807 வால்வு ஒன்றில் பிரித்தானிய அரசுச் சொத்தைக் குறிக்கும் அகன்ற அம்பு முத்திரையைக் கண்டால் உள்ளே கிடப்பதெல்லாம் ‘நேவிச் சாமான்’ என்று எழுதிவிடலாம். சான்றாகக் காட்டப்படுவது மீற்றர் அளவு. சமமாக இருக்கவேண்டிய இரு தடையிகள் இன்று வேறு வேறு பெறுமானம் காட்டுகின்றன. ஆகவே கட்டியவர் அதைப் பொருட்படுத்தவில்லை. இக்கட்டுரை அந்த ‘ஆகவே’யை ஏற்கவில்லை.

விவாதத்தின் மையத்தில் இருக்கும் மூலம் எல்லோருக்கும் தெரிந்ததே: 1947 ஏப்ரலிலும் மேயிலும் ‘வயர்லெஸ் வேர்ல்ட்’ இதழில் டி. டி. என். வில்லியம்சன் வெளியிட்ட 15 வாற்று விரியலாக்கி. அதன் உறுப்புப் பட்டியலை ஒரு கட்டளைச் சட்டமாக வாசிப்பது வழக்கம். பட்டியல் கேட்பதைக் குடியேற்ற நாட்டு அமெச்சூர் வாங்கமுடியாது, எனவே அவர் மீறினார் என்பது அந்த வாசிப்பு. ஆனால் பட்டியல் உண்மையில் என்ன கேட்கிறது? பல தடையிகளுக்கு 20 சதவீத விலக்கம்வரை அது தாராளமாக இடம் கொடுக்கிறது. பின்னூட்டத் தடையிக்கு ஒரு நிலையான எண்ணைக்கூடத் தருவதில்லை. ஸ்பீக்கரின் ஒலிச்சுருளின் தடங்கலுக்கு வர்க்கமூலம் கண்டு 1,200ஆல் பெருக்கச் சொல்கிறது. 15 ஓம் ஸ்பீக்கருக்கு அது ஏறக்குறைய 4,650 ஓம். கடையில் கிடைப்பது 4,700. வாசகரைக் கணக்குப் போடவிடும் பட்டியலைக் கட்டளை என்று சொல்லமுடியாது.

பட்டியல் இறுக்கிப் பிடிப்பது சில இடங்களில் மட்டுமே. அவற்றுள் முக்கியமானது கட்டம் பிரிக்கும் ட்ரையோடின் அனோட்டிலும் கதோட்டிலும் வரும் 22 கிலோஓம் இணை. அங்கேயும் குறுகிய விலக்கம் ஒன்றைச் சொல்லிவிட்டு, அல்லது பொருத்தியெடுத்த இணை என்று ஒரு மாற்றுவழி விடப்படுகிறது. முன்னைய வாசிப்பு இந்த ‘அல்லது’வைச் சலுகையாக எடுத்துக்கொண்டது. நல்ல சாமான் இல்லாதவனுக்கு இரண்டாந்தரம் என்பது அதன் கருத்து. என் வாசிப்பில் அதுதான் முதற்தரம்.

காரணம் எளிது. அந்த ட்ரையோடில் அனோட்டுத் தடையியூடாகவும் கதோட்டுத் தடையியூடாகவும் பாய்வது ஒரே மின்னோட்டம். ஆகவே இரு பக்கமும் எதிரெதிர்க் கட்டத்தில் எழும் சைகைகள் சமமாக வருவது இரு தடையிகளும் சமமாக இருப்பதில்தான் தங்கியிருக்கிறது. அவை 22ஆ 25ஆ என்பதில் அல்ல. 5 சதவீத விலக்கமுள்ள இரண்டைப் பெட்டியிலிருந்து அப்படியே எடுத்தால் ஒன்று 20.9, மற்றது 23.1 கிலோஓமாக இருக்கலாம். இடைவெளி ஏறத்தாழ 10 சதவீதம். 20 சதவீதக் குவியலிலிருந்து 25 காட்டும் இரண்டைப் பொறுக்கியெடுத்தால் இடைவெளி இல்லை. பொறுக்குவதற்குத் திருத்தமான மீற்றரும் வேண்டாம். பெறுமானம் அறியத்தான் நம்பகமான மீற்றர் தேவை. சமன் அறியப் பிழையான மீற்றர் போதும், இரண்டையும் ஒரேமாதிரிப் பிழையாகக் காட்டினால் சரி. பள்ளிக்கூட ஆய்வுகூடத்து மீற்றர்ப் பாலமும் இதைச் செய்யும். வில்லியம்சன் இவ்வளவும் எண்ணித்தான் அந்தச் சொல்லை இட்டார் என்று நான் வாதாடவில்லை. சொல் இருக்கிறது, அதன் விளைவு இது.

இனி, ‘இன்று சமனில்லை’ என்ற சான்று. பழைய காபன் கலவைத் தடையி ஈரத்தை உறிஞ்சும். உறிஞ்சினால் பெறுமானம் ஏறும். உலர்ந்தால் ஒரு பகுதி மீளும். வருடக்கணக்கான சூட்டால் ஏறும் பகுதி மீளாது. திருகோணமலையில் மாரி ஐப்பசியில் தொடங்கித் தைவரை கொட்டும். கோடையில் கச்சான் காற்று வந்து எல்லாவற்றையும் காயவைக்கும். மார்கழியில் அளந்த தடையியும் ஆடியில் அளந்த தடையியும் ஒரே எண்ணைக் காட்டவேண்டிய கட்டாயம் இல்லை. இணையில் ஒன்று வெளியீட்டு வால்வுக்கு அருகில் வெந்துகொண்டிருக்க மற்றது விளிம்பில் குளிர்ந்திருந்தால், சமமாகப் பொருத்தியவையும் பிரிந்துபோகும். 22 கிலோஓம் 20 சதவீதம் ஏறினால் 26.4 ஆகிறது. அந்த 26.4 காலத்தின் கையெழுத்து. அதைக் கட்டியவரின் கையெழுத்தாக வாசிப்பது, கறையான் அரித்த ஏட்டைப் பார்த்து எழுதியவருக்கு எழுத்துத் தெரியாது என்பது போன்றது. தடையியின் ஒரு காலைத் தூக்காமல் சுற்றிலேயே அளந்த எண்களைப் பற்றிப் பேசவே தேவையில்லை.

நிறக்குறியை வாசிப்பதிலும் இதே அவசரம். என் மேசையில் ஒரு பழைய தடையி கிடக்கிறது: உடல் முழுவதும் சிவப்பு, நடுவில் ஒரு செம்மஞ்சள் புள்ளி, வேறொன்றும் இல்லை. வளையம் வாசித்துப் பழகிய கண்ணுக்கு இது குறி அழிந்த, இனந்தெரியாத சாமான். ஆனால் பழைய முறையில் உடலின் நிறம் முதல் இலக்கம், நுனியின் நிறம் இரண்டாம் இலக்கம், புள்ளி பெருக்கி. நுனிக்குத் தனி நிறம் தெரியாவிட்டால் அது உடலின் நிறமே. சிவப்பு, சிவப்பு, செம்மஞ்சள்: 2, 2, ஆயிரம். அதாவது 22 கிலோஓம். சர்ச்சைக்குரிய அதே பெறுமானம். விலக்க நிறம் இல்லாததால் 20 சதவீத வகுப்பு. ‘ஏதோ ஒன்றைப் போட்டிருக்கிறார்கள்’ என்று எழுதுமுன் அந்த ஏதோ ஒன்று என்னவென்று வாசித்திருக்கலாம்.

சோல்டர் பற்றியும் ஒரு வார்த்தை. கால்களை நீளமாக விட்டுப் பற்றவைத்திருப்பதைக் கைப்பழக்கமின்மை என்று சொல்வோர் உண்டு. காபன் கலவைத் தடையியின் உடலுக்குக் கிட்ட இரும்பை வைத்துப் பிடித்தால் அதன் பெறுமானம் நிரந்தரமாக நகர்ந்துவிடும். கஷ்டப்பட்டுப் பொறுக்கிய இணை ஒரு நிமிடத்தில் குலையும். 60க்கு 40 வெள்ளீய-ஈயக் கலவை 183 பாகையில் உருகத் தொடங்கி 190 அளவில் முழுதாக உருகும். இரும்பின் முனையோ அதைவிட மிகச் சூடானது. ஆகவேதான் காலை நீளமாக விடுவதும், இடையில் குறட்டால் பிடித்துச் சூட்டை இழுப்பதும், ஆறியபின் மறுபடி அளப்பதும். நீண்ட கால் அறியாமையைக் காட்டலாம். பொருத்தலைக் காப்பாற்ற எடுத்த கவனத்தையும் காட்டலாம். பொருத்திய இணையில் மட்டும் கால் நீண்டும் மற்ற இடங்களில் குறுகியும் இருந்தால் ஐயத்துக்கு இடமில்லை. உண்மையான கவலையீனம் வேறிடத்தில் தெரியும்: தகரம் ஒட்டும் அமிலத்தால் பற்றவைத்த மூட்டுகளில். அந்த நாகக் குளோரைட்டு உப்புக்காற்றில் ஈரம் இழுத்து, கம்பியைத் தின்று, பலகையின் மேலே மின் கசியும் பாதை போடும். 470 கிலோஓம் கிறிட் தடையிக்கு அருகில் அப்படியொரு பாதை இருந்தால் எந்தத் தெரிவும் பயனில்லை.

இரண்டு ஆட்சேபங்கள் எழும். பொருத்தும் பழக்கம் இதழைப் பார்த்துச் செய்ததே, சொந்தத் தெரிவல்ல என்பது ஒன்று. மாற்றுவழி இரண்டில் ஒன்றை எடுப்பதும் தெரிவுதான். காபன் கலவைக்குத் தனி இனிமை உண்டு, அதற்காகவே அதை எடுத்தார்கள் என்பது மற்றது. அதன் இரைச்சல் உலோகப் படலத் தடையியைவிட அதிகம் என்பது தெரிந்ததே. இனிமையைக் காதுக்காரரிடம் விட்டுவிடுகிறேன்.

தட்டுப்பாடு இல்லை என்பதல்ல என் கூற்று. தட்டுப்பாடு குவியலைத் தந்தது. குவியலிலிருந்து எந்த இரண்டு என்பதை அது சொல்லவில்லை. அதைச் சொன்னவரைக் காணவேண்டுமானால், பழைய சேசிஸைத் திறப்பவர் எந்த மாதத்தில் அளந்தார், ஒரு காலைத் தூக்கினாரா, உலர்த்திய பின்னும் அளந்தாரா, புள்ளியை எப்படி வாசித்தார் என்ற நான்கையும் குறிக்கட்டும். அதுவரை அந்த எண்கள் துறைமுகத்தின் வானிலைப் பதிவாகவே எனக்குத் தெரிகின்றன.