வேட்டித் துணியும் பாம்பர்ஸும்



போன மாதம் பேத்தியைப் பார்க்கப் போயிருந்தேன். இரண்டரை வயது. "இன்னும் பாம்பர்ஸை விடலை அத்தை. ப்ரீகேஜியில சேர்க்க மாட்டாங்களாம். நான்தான் சரியா வளர்க்கலையோ?" என்று மருமகள் கண் கலங்கினாள். டீச்சர் புத்தி போகுமா? அவளுக்கு வரலாறு சொன்னேன். உங்களுக்கும் சொல்கிறேன்.

நம் வீடுகளில் அன்று டயப்பர் ஏது? பழைய வேட்டியைக் கிழித்த துணிதான். பாட்டி காலை நீட்டி உட்கார்ந்து, பாதத்தின் மேல் குழந்தையை உட்கார வைத்து "உஸ்ஸ்" என்பாள். சத்தம் கேட்டதும் போகக் குழந்தை பழகிவிடும். கென்யக் கடற்கரையில் டிகோ இன மக்களும் இப்படித்தான் செய்தார்கள் என்று 1977இல் ஆய்வே வெளிவந்தது.

அமெரிக்காவிலும் அப்படித்தான். 1914இல் அந்நாட்டு அரசு வெளியிட்ட குழந்தை வளர்ப்புக் கையேடு, மூன்றாம் மாதமே பழக்கத் தொடங்கலாம் என்றது. துணி துவைத்தே அம்மாக்களின் கை தேய்ந்த காலம் அது.

1946இல் மேரியன் டோனவன் என்ற தாய், குளியலறைத் திரையை வெட்டி, துணிக்கு மேலே போடும் நனையாத உறை தைத்தார். 1951இல் காப்புரிமை பெற்றார். 1961இல் பாம்பர்ஸ் வந்தது. துவைக்கும் வேலை குறைந்தது, அவசரமும் குறைந்தது. 1962இல் பிரேசல்டன் என்ற குழந்தை மருத்துவர் 1170 குழந்தைகளின் பதிவுகளை வெளியிட்டார். வற்புறுத்தாமல், பிள்ளை தயாரானதும் பழக்கச் சொன்னார். பகலில் பழகி முடிக்கச் சராசரியாக 28.5 மாதம் ஆனது. சராசரி என்றால் அதற்குப் பிந்தியவர்களும் உண்டு என்று கணக்கில் படித்தோமே!

டயப்பர் ஈரத்தை உறிஞ்சி மறைத்துவிடும். பிள்ளைக்குத் தான் போனதே தெரியாது. துணி ட்ரெயினிங் பேண்ட் அப்படியல்ல. ஜட்டி மாதிரிதான், நடுவில் சில அடுக்குப் பருத்தித் துணி. தரையெல்லாம் ஓடாது, ஆனால் ஈரம் உறைக்கும். பிள்ளையே கீழே இழுத்துக்கொள்ளலாம். பாட்டியின் வேட்டித் துணி சொன்ன பாடமும் இதுதான். ஆறு வாங்கிக் கொடுத்தேன். நாலாம் நாள் பேத்தி வந்து என் சேலையை இழுத்து, "பாட்டி, ஈரம்" என்றாள். அதுதான் முதல் படி.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பல வருடம் முன்பு, ஒன்றாம் வகுப்பில் நனைத்துவிட்ட ஒரு பிள்ளையை எல்லார் முன்னாலும் அதட்டினேன். மூன்று நாள் அவன் பள்ளிக்கு வரவில்லை. குழந்தை உளவியல் படித்துத் தேறிய டீச்சர் நான்! பெயர் சொல்ல மாட்டேன். இதைப் படித்தால் மன்னித்துவிடு கண்ணு.

உங்கள் பிள்ளைகளை இதற்காக யாரும் அதட்ட விடாதீர்கள். நீங்களும் அதட்டாதீர்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்