புல்லில் நிற்கும் கட்டடக்கலை: தோடர் கோயில்களும் மரபுக் காப்பும்

முன்னுரை

பெரு நாட்டின் குஸ்கோ பகுதியில் அபுரிமாக் ஆற்றின் மேல் கெஸ்வாச்சாக்கா என்னும் புற்கயிற்றுப் பாலம் தொங்குகிறது. இன்காக்களின் பாலம் என்று புகழ்பெற்ற அதன் கயிறுகளுக்கு வயது ஓராண்டுதான். கரையோரத்து நான்கு கெச்சுவா ஊர்களின் குடும்பங்கள் ஆண்டுதோறும் ஜூன் மாதம் கூடி, பழைய பாலத்தை அறுத்துவிட்டுப் புதியதைக் கட்டுகின்றன. இந்தப் புதுப்பிக்கும் அறிவையும் சடங்கையும் 2013-இல் யுனெஸ்கோ உலக மரபாக ஏற்றது. பெருந்தொற்றினால் 2020-இல் பணி தடைப்பட்டது. 2021 மார்ச்சில் பாலம் அறுந்து விழுந்தது. அதே ஆண்டு ஜூனில் அவ்வூரார் அதை மீண்டும் கட்டினர். பாலம் விழுந்தபோதும் கலை பிழைத்திருந்தது.

இத்தன்மை வாய்ந்த கட்டடக்கலை ஒன்று கொங்கு நாட்டின் தலைமாட்டிலேயே உள்ளது. 1868 வரை கோயம்புத்தூர் மாவட்டத்தோடு இணைந்திருந்த நீலகிரியில் வாழும் தோடர்களின் கலை அது. அதைக் காப்பது என்பது நிற்கும் கட்டடம் ஒன்றைப் பேணுவதோடு முடிவதில்லை. அதைத் திரும்பத் திரும்பக் கட்டத் தேவையான புல்லையும் பிரம்பையும், அவற்றை எடுக்கும் உரிமையையும் பேண வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

கட்டும் முறை

தோடர் ஊருக்கு மந்து என்று பெயர். மந்தின் மரபு வீடு, பீப்பாயைப் பாதியாகப் பிளந்து கவிழ்த்தாற்போன்ற வடிவுடையது. ஏறத்தாழ 5.5 மீட்டர் நீளம், 2.7 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரம். மூங்கிலையும் பிரம்பையும் வில்லாக வளைத்துத் தரையில் ஊன்றுவர். நீளவாட்டில் மெல்லிய மூங்கில்களை நெருக்கிக் கட்டுவர். அதன்மேல் புல் வேய்வர். சுவரும் கூரையும் ஒன்றே. முகப்பில் தவழ்ந்து நுழையும் அளவுக்கே வாயில் இருக்கும். மலைக் குளிரும் காற்றும் மழையும் அந்தச் சிறு வாயிலுக்கும் வளைந்த முதுகுக்கும் காரணங்களாயின.

பால்மனையாகிய கோயிலும் பெரும்பாலும் இதே வடிவினது. எருமைப் பாலைப் பூசகர் பேணும் இடமே தோடர்களின் திருவிடம். ஊட்டியை அடுத்த முத்தநாடு மந்தில் கூம்பாக உயர்ந்த கோயிலும் உண்டு. 1901-02-இல் கள ஆய்வு செய்து 1906-இல் ‘தி தோடாஸ்’ என்னும் நூலை வெளியிட்ட ரிவர்ஸ் இக்கோயில்களையும் அவற்றின் சடங்குகளையும் விரிவாகப் பதிவு செய்தார்.

புல் மட்கும், கூரை மாற்றப்பட வேண்டும். கூரை மாற்றும் நாளில் ஆடவர் ஒன்றுகூடிப் புல் சுமந்து வந்து வேய்கின்றனர். இளையவன் பெரியவரோடு நின்று பிரம்பை வளைக்கப் பழகுவது அங்கேதான். இங்குக் கூரையின் நிலையாமையே பள்ளிக்கூடமாகிறது. நூறாண்டு அழியாத கூரையாக இருந்தால் மூன்று தலைமுறைக்குக் கை பழகியிராது.

புல்லும் சதுப்பும்

கோயில் கூரைக்கு எந்தப் புல்லும் ஆகாது. மேட்டு நிலச் சதுப்புகளில் வளரும் அவ்ஃபுல் என்னும் புல்லே மரபுக்குரியது. எரியோக்ரைசிஸ் ரங்காச்சாரி என்பது அதன் தாவரவியல் பெயர். கோவை வேளாண் கல்லூரியில் பணியாற்றி, தென்னிந்தியப் புற்கள் பற்றி 1921-இல் கைநூல் எழுதிய ரங்காச்சாரியாரின் பெயரை அது தாங்கியிருக்கிறது. இன்று அது அருகிவரும் இனம்.

நீலகிரியின் மேட்டு நிலம் சோலையும் புல்வெளியும் சதுப்பும் பின்னியது. புல்வெளியை வெற்று நிலமென்று கருதிய ஆட்சியினர் அங்கே சீகையையும் கற்பூர மரத்தையும் நட்டனர். தேயிலை பரவியது. சதுப்புகள் வடிகட்டப்பட்டு உருளைக்கிழங்கும் கேரட்டும் விளையும் தோட்டங்களாயின. ஒரு சதுப்பு வற்றும்போது ஒரு கோயிலின் கூரை வற்றுகிறது. தோடர் நிலச்சூழலை 2015-இல் தம் நூலில் விரித்துரைத்த தருண் சாப்ராவின் பணி, கோயிலையும் அது சார்ந்த தாவரத்தையும் பிரித்துப் பார்க்க முடியாது என்பதைத் தெளிவாக்குகிறது.

இரு எதிர்வாதங்கள்

தோடர்களே பெரும்பாலும் கான்கிரீட் வீடுகளுக்கு மாறிவிட்டனர். பிறகு எதைக் காப்பது என்பது முதல் வாதம். தவழ்ந்து நுழையும் வீட்டில்தான் வாழ வேண்டும் என்று எவரையும் கட்டாயப்படுத்த நமக்கு உரிமையில்லை. ஆனால் வீட்டை மாற்றிக்கொண்டவர்கள் கோயிலைப் பழைய முறையில் வேய்வதை விட்டுவிடவில்லை. எதை விடலாம், எதை விடக்கூடாது என்று அவர்களே தேர்ந்திருக்கிறார்கள். அத்தேர்வுக்குத் துணைநிற்பதே காப்பு.

வடிவத்தை வைத்துக்கொண்டு பொருளை மாற்றினால் என்ன என்பது இரண்டாம் வாதம். கொங்குச் சீமையின் தோட்டத்து வீடாகிய சாளை இதற்கு விடை தருகிறது. ஒருகாலத்தில் கீற்றும் தட்டும் வேய்ந்திருந்த அவ்விடத்தில் ஓடும் பின்பு கான்கிரீட்டும் வந்தன. இன்றும் அதைச் சாளை என்றே அழைக்கிறோம். பெயர் நிலைத்தது, வேயும் கை போயிற்று. சிமெண்டில் வளைத்த கோயிலுக்கும் அதுவே நேரும்.

சட்டத்தின் பார்வை

1958-ஆம் ஆண்டின் தொல்பொருள் சின்னங்கள் சட்டம், நூறாண்டுக்குக் குறையாமல் நிலைத்த கட்டுமானத்தையே பழஞ்சின்னமாகக் கொள்கிறது. கூரையை மாற்றி மாற்றி வாழும் கட்டடம் அந்த அளவுகோலுக்குள் எளிதில் அடங்காது. 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டமே இங்குப் பொருத்தமானது. அது சிறு வன மகசூலில் மூங்கிலையும் பிரம்பையும் பெயர் சொல்லிச் சேர்த்து, அவற்றைச் சேகரிக்கும் உரிமையை வனவாழ் மக்களுக்கு அளிக்கிறது. மரபறிவின் மீது சமூகத்துக்குள்ள உரிமையையும் ஏற்கிறது. தோடர் கோயிலின் உண்மையான காப்புச் சட்டம் இதுவே.

முடிவுரை

செய்ய வேண்டியவை மூன்று. எஞ்சியுள்ள அவ்ஃபுல் சதுப்புகளைத் தோடர் பெரியவர்களின் வழிகாட்டலில் வரைபடமாக்கி, வடிகட்டலிலிருந்து காக்க வேண்டும். மந்துகளைச் சூழ்ந்த சீகையை அகற்றிப் புல்வெளியை மீட்க வேண்டும். புல்லுக்கும் பிரம்புக்குமான சமூக உரிமையைக் கிராம சபை வழியே உறுதிசெய்ய வேண்டும். கோயிலை வேயத் தோடர்களுக்குத் தெரியும். புல் வளரும் ஈரநிலத்தை விட்டுவைப்பதே மற்றவர்களின் கடமை.