சுங்கை சிப்புட்: ஒரு தொகுதியின் வரலாறு

பேராக் மாநிலத்தில் ஈப்போவுக்கும் கோலகங்சாருக்கும் இடையே உள்ள ஊர் சுங்கை சிப்புட். 1948-ஆம் ஆண்டு ஜூன் 16-ஆம் நாள் காலையில், இவ்வூர்த் தோட்டங்களில் வெள்ளைக்காரத் துரைமார் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டனர். சில நாட்களுக்குள் நாடெங்கும் அவசரகாலம் வந்தது. இந்த ஊரின் நாடாளுமன்றத் தொகுதியைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறோம்.

1955-இல் நம் நாடு முதல் பொதுத் தேர்தலைக் கண்டது. மொத்தம் 52 இடங்கள். வாக்காளரில் நூற்றுக்கு ஏறத்தாழ 84 பேர் மலாய்க்காரர். இந்தியர் மிகச் சிலரே. ஏன் என்று கேட்பீர்கள். குடியுரிமை உள்ளவருக்கே வாக்கு. பால்மரக் காட்டில் தலைமுறை தலைமுறையாக உழைத்தவர் பலருக்கு அது இல்லை. 1957-இல் சட்டம் ஓரளவு தளர்ந்தது. பாரம் எழுதிக் கொடுத்தவர்கள் நீல அடையாள அட்டை பெற்றார்கள். பிறப்புப் பத்திரம் இல்லாமலும் விவரம் தெரியாமலும் இருந்துவிட்ட பலர் சிவப்பு அட்டையோடு நின்றார்கள். அந்தச் சிவப்பு அட்டையின் துன்பத்தை உங்கள் லயத்துப் பெரியவர்களைக் கேட்டால் தெரியும்.

சுங்கை சிப்புட்டில் பிறந்த வீ. தி. சம்பந்தன் 1955-இல் கிந்தா உத்தாராவில் வென்றார். 1959 முதல் மூன்று தேர்தல்களில் சுங்கை சிப்புட்டின் உறுப்பினரானார். இந்திய வாக்காளர் இங்கே பெரும்பான்மையினர் அல்லர். மலாய்க்காரர், சீனர் ஆதரவும் அவருக்கு வேண்டியிருந்தது. ஆனால் அவருடைய பெரும்பணி நாடாளுமன்றத்துக்கு வெளியே நடந்தது என்பேன். துரைமார் தோட்டங்களைத் துண்டாடி விற்ற காலத்தில், 1960-இல் தேசிய நிலநிதி கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. பால்வெட்டும் தொழிலாளி மாதம் பத்து வெள்ளி கட்டிப் பங்காளி ஆனான். கெடாவின் புக்கிட் சிடிம் தோட்டம் சங்கத்தின் முதல் தோட்டமாயிற்று.

1974-இல் ச. சாமிவேலு வந்தார். எட்டுத் தேர்தல்கள், முப்பத்து நான்கு ஆண்டுகள்! அதற்குள் பல இடங்களில் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. லயத்துக் குடும்பங்கள் பட்டணத்து ஓரங்களுக்குப் பெயர்ந்தன. வீடும் வேலையும் ஒருசேரப் போனவர்களின் மனக்குறை, 2007 நவம்பர் 25-ஆம் நாள் கோலாலம்பூர்ப் பேரணியில் வெளிப்பட்டது. மறு ஆண்டு மார்ச் 8-இல், முன்பு இருமுறை இங்கே தோற்றிருந்த மருத்துவர் ஜெயக்குமார் தேவராஜ் 1,821 வாக்குகளில் அவரை வென்றார். சில தோட்டத்துப் பிரட்டுக்களங்களில் நிற்கக்கூடிய தலைகள்தாம் அவை!

2013-இலும் வென்ற ஜெயக்குமார், 2018-இல் நான்குமுனைப் போட்டியில் சு. கேசவனிடம் தோற்றார். 2021 டிசம்பரிலிருந்து, பதினெட்டு வயது நிறைந்த குடிமக்களின் பெயர் தானாகவே வாக்காளர் பட்டியலில் சேர்கிறது. அந்த இளையோரும் வாக்களித்த 2022 தேர்தலில், ம. இ. கா. தலைவர் விக்னேஸ்வரனே நின்றும், கேசவன் தொகுதியைத் தக்கவைத்துக்கொண்டார்.