பானபாத்திரக்காரரின் தலைவன்: மறதியா, மௌனமா?

யோசேப்பின் வரலாற்றைப் பிரசங்கிப்போர் ஆதியாகமம் 40-ஆம் அதிகாரத்தின் இறுதி வசனத்தை அடைந்ததும் பெரும்பாலும் ஒரே பாடத்தைக் கற்பிக்கின்றனர். பானபாத்திரக்காரரின் தலைவன் நன்றி கெட்டவன். வாழ்வு வந்ததும் சிறைத் தோழனை மறந்தான். பெயரும் சொல்லப்படாத அம்மனிதனுக்காக வழக்காடுவது நம் நோக்கமன்று. ஆயினும் அவன் வகித்த பதவி யாது, அப்பதவியிலிருந்தவன் மன்னன் முன் எதைப் பேசத் துணிவான், எதைப் பேச அஞ்சுவான் என்பவற்றை ஆராயாமல் அவனை நியாயந்தீர்ப்பது முறையாகாது.

'பானபாத்திரக்காரன்' என்னும் சொல் பந்தியில் கிண்ணம் ஏந்தி நிற்கும் ஏவலாளனையே நம் கண்முன் நிறுத்துகிறது. எபிரெய மூலத்தில் அவன் 'மஷ்கே'. குடிக்கக் கொடுப்பவன் என்பது அதன் பொருள். இதே சொல்லால்தான் கி.மு. 445-இல் அர்தசஷ்டாவின் அரண்மனையிலிருந்த நெகேமியாவும் குறிக்கப்படுகிறான். அவன் யூதேயாவுக்கு அதிபதியாக அனுப்பப்பட்டதை அறிவோம். கி.மு. 701-இல் எருசலேமின் மதிலருகே நின்று எசேக்கியாவின் ஆட்களை மிரட்டிய ரப்சாக்கேயின் பெயர் உண்மையில் பெயரன்று. 'பானபாத்திரக்காரரின் தலைவன்' என்னும் அசீரியப் பட்டமே அது. மன்னன் அருந்துவதைத் தன் கையால் தருபவன், மன்னனின் உயிரையே கையில் வைத்திருப்பவன். மேதிய அரண்மனையில் கிண்ணத்தைக் கொடுக்குமுன் சிறிது ரசத்தை இடக்கையில் ஊற்றிப் பருகிக் காட்டும் வழக்கம் இருந்ததென்று கிரேக்க ஆசிரியர் செனபோன் எழுதியுள்ளார்.

எகிப்தில் இப்பதவி எத்தகைய உயர்வும் ஆபத்தும் உடையது என்பதற்கு இத்தாலியில் தூரின் நகரின் எகிப்திய அருங்காட்சியகத்திலுள்ள ஒரு பாப்பிரஸ் சுருள் சான்று பகர்கின்றது. மூன்றாம் ராமசேஸ் மன்னனுக்கு எதிராக, ஏறத்தாழ கி.மு. 1155-இல், அந்தப்புரத்தில் எழுந்த சதியின் வழக்கு விவரம் அதில் அடங்கியுள்ளது. (அம்மன்னனின் கழுத்து வெட்டப்பட்டிருந்ததை அவன் சடலத்தை ஊடுகதிர் முறையில் ஆராய்ந்தோர் 2012-இல் வெளிப்படுத்தினர்.) வழக்கை விசாரிக்க அமர்த்தப்பட்ட பன்னிருவருள் ஐவர் அரச பானபாத்திரக்காரர். அவர்களில் ஒருவன் பெயர் பாகால்மகர். கானானியத் தெய்வத்தின் பெயரைத் தாங்கிய அந்நியன்! குற்றவாளிக் கூண்டிலும் ஒரு பானபாத்திரக்காரன் நின்றான். அவனுடைய இயற்பெயரை மாற்றி, 'ரே தெய்வம் அவனை வெறுக்கிறது' என்னும் பொருள்படும் பெயரை எழுத்தர் பதித்துவிட்டனர். இதோடு நின்றதா? நீதிபதியாக அமர்ந்த பானபாத்திரக்காரருள் ஒருவனே பின்னர் குற்றவாளிகளோடு கூடிக் குலாவினான் என்று மூக்கும் காதுகளும் அறுக்கப்பட்டு, தன் உயிரைத் தானே போக்கிக்கொண்டான். நீதிபதியின் இருக்கைக்கும் குற்றவாளியின் இடத்துக்கும் இடையே இருந்த தொலைவு அவ்வளவே.

யோசேப்பின் கதை அக்காலத்தது என்று இதனால் நாம் நிலைநாட்டிவிட முடியாது. அதன் எகிப்தியப் பின்னணியை வெர்கோட் 1959-இல் ராமசேஸ் வம்சத்தார் காலத்தோடு இணைத்தார். ரெட்ஃபோர்ட் 1970-இல் கதையின் ஆக்கத்தை மிகப் பிற்காலத்துக்குத் தள்ளினார். அவ்விவாதம் இங்கு நமக்கு வேண்டியதில்லை. எக்காலத்தில் எழுதப்பட்டிருப்பினும், அரண்மனையின் அச்சத்தை நன்கு அறிந்த ஒருவரே இதை எழுதினார் என்பது மட்டும் உறுதி.

அவன் செய்த குற்றம் என்ன? வேதாகமம் கூறவில்லை. கிண்ணத்தில் ஈ விழுந்தது, சுயம்பாகியின் அப்பத்தில் கல் கிடந்தது என்று யூத ரபீமார் விளக்கினர். நஞ்சூட்டச் சதி செய்தனர் என்கிறது ஓர் அரமேயத் தர்கூம். ஈயானாலும் நஞ்சானாலும், இருவரும் தலையாரிகளின் அதிபதியின் வீட்டுக் காவலில் வைக்கப்பட்டனர். இது நாம் ஊன்றிக் கவனிக்கவேண்டிய செய்தி. 39-ஆம் அதிகாரத்தில் இப்பட்டம் போத்திபாருக்கு உரியது. இவ்விரு அதிகாரங்களும் வெவ்வேறு மூலங்களிலிருந்து வந்தவை என்று ஆய்வாளர் பலர் கருதுவர். ஆனால் நம் கையிலுள்ள வடிவத்தில் பட்டம் ஒன்றே. வாசகர் ஒரே மனிதனைத்தான் காண்கிறார்.

சொப்பனங்களைப் பற்றி நீள எழுத வேண்டியதில்லை. எகிப்தியருக்கு அவை புத்தகம் வைத்து ஆராய்ந்த கலை. 19-ஆம் அரச வம்சக் காலத்துச் சொப்பன நூலொன்று லண்டனிலுள்ள பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இன்ன கனவு கண்டால் நன்று, இன்னது கண்டால் தீது என்று வரிசையாக எழுதி, தீது என்பதைச் செம்மையால் வரைந்திருக்கின்றனர். எகிப்தில் திராட்சச்செடியே இல்லை என்ற எரொதோத்துவின் கூற்றை நம்பி, பானபாத்திரக்காரனின் கனவைக் குறைகூறியோரும் சென்ற நூற்றாண்டுகளில் உண்டு. தேபேயில் நாக்த் என்பவனின் கல்லறைச் சுவரில் திராட்சக்குலை பறிப்போரும் மிதிப்போரும் தீட்டப்பட்டிருப்பதைக் கண்டவர் அவ்வாறு பேசார்.

இனி நம் பொருளுக்கு வருவோம். கனவை விளக்கியபின் யோசேப்பு அவனிடம் வேண்டியது, வெறுமனே மனத்தில் நினைத்துக்கொள்ள வேண்டும் என்பதன்று. 'ஸாக்கார்' என்னும் எபிரெய வினையின் பிறவினை வடிவம் அங்கே வருகிறது: நினைவூட்டு, மன்னன் செவியில் பெயரைச் சொல் என்பதே கருத்து. இவ்வினையிலிருந்து பிறந்த 'மஸ்கீர்' என்பது தாவீதின் அரசவையில் ஓர் உயர் பதவியின் பெயராகவே விளங்கிற்று. யோசேப்பு தன் வழக்கையும் சுருக்கமாகச் சொல்கிறான்: எபிரெயரின் தேசத்திலிருந்து களவாகக் கொண்டுவரப்பட்டவன் தான், இக்குழியில் வைக்கப்படத் தான் எதுவும் செய்யவில்லை. இது கருணை மனு மட்டுமன்று. அதிகாரி ஒருவனின் தீர்ப்புக்கு எதிரான முறையீடு.

இம்முறையீட்டைப் பார்வோனிடம் எடுத்துச் செல்பவன் எந்நிலையில் நிற்கிறான்? மன்னிப்புப் பெற்று மூன்று நாளும் ஆகாதவன். தன்னோடு சிறையிலிருந்தவன் மரத்தில் தொங்குகிறான். யோசேப்பின் பெயரைச் சொன்னால், அவனை எங்கே கண்டாய் என்ற கேள்வி எழும். தன் பழைய குற்றம் மன்னன் நினைவுக்கு வரும். அன்றியும், தன்னைக் காவலில் வைத்திருந்த அதிபதியின் வீட்டில் அநியாயம் நடந்தது என்று அவன் சாட்சி சொல்லவேண்டும்.

அவன் மறந்தான் என்று நூல் வெளிப்படையாகக் கூறுகிறதே எனலாம். கூறுகிறது. ஆனால் எபிரெயரிடத்தில் நினைத்தலும் மறத்தலும் மூளையின் செயல்கள் மட்டுமல்ல. பெருவெள்ளத்தில் தேவன் நோவாவை நினைத்தார் என்று வாசிக்கையில், அதற்குமுன் அவர் மறந்திருந்தார் என்று நாம் கொள்வதில்லை. நினைத்தல் என்பது ஒருவன் சார்பில் எழுந்து செயலாற்றுதல். மறத்தல் அதைச் செய்யாதிருத்தல்.

இரண்டு ஆண்டுகளுக்குப்பின், பார்வோனின் கனவுக்கு மந்திரவாதிகள் பொருள் சொல்ல இயலாது நிற்கையில், அவன் வாய் திறக்கிறான். அவனது முதற்சொல் யோசேப்பைப் பற்றியதன்று, தன் குற்றங்களைப் பற்றியது. அதே வினைச்சொல்லே அங்கும் வருகிறது. நம் தமிழ் வேதாகமம் யோசேப்பின் வேண்டுதலில் 'அறிவித்தல்' என்றும் இங்கே 'நினைவு' என்றும் பெயர்த்திருப்பதால், இரண்டும் ஒரே சொல் என்பது நமக்குத் தெரியாமற் போகிறது. எதைச் சொல்ல அஞ்சி இரண்டு ஆண்டுகள் வாய்மூடியிருந்தானோ, அதையே அவன் முதலில் சொல்லவேண்டியதாயிற்று. அதற்குத் துணிவு வேண்டும் என்பதை மறுப்பதற்கில்லை.

ஆனால் அவன் பேச்சு முழுவதையும் நிதானமாக வாசிப்போமாக. எபிரெய வாலிபன், தலையாரிகளின் அதிபதியின் அடிமை, கனவுகளை விளக்கினான், விளக்கியபடியே நடந்தது என்கிறான். 11-ஆம் நூற்றாண்டின் யூத உரையாசிரியர் ராஷி இதில் ஏளனத்தைக் கண்டார்: வாலிபன் என்றால் அறிவற்றவன், எபிரெயன் என்றால் நம் மொழி அறியாதவன், அடிமை என்றால் ஆளத் தகாதவன். நமக்கோ, அவன் சொன்னவற்றைவிடச் சொல்லாதவையே பெரிதாய்த் தோன்றுகின்றன. யோசேப்பு களவாடப்பட்டவன் என்பதைச் சொல்லவில்லை. குற்றமற்றவன் என்று முறையிட்டதைச் சொல்லவில்லை. அவன் கைதி என்பதையேகூடச் சொல்லவில்லை. அதிபதியின் அடிமை தங்களோடு அங்கிருந்தான் என்று கேட்போர், ஏவல் செய்யும் வேலைக்காரன் ஒருவனையே எண்ணிக்கொள்வர். திறமையைச் சிபாரிசு செய்தான், வழக்கைப் புதைத்தான். மன்னனுக்குப் பயன்படுவது எதுவோ அதை மட்டும் பிரித்தெடுத்துக் கையில் கொடுத்தான், கிண்ணத்தைக் கொடுப்பதுபோல.

ஆசிரியர் இதை அறிந்தே எழுதினார் என்று நாம் நம்புகிறோம். அடுத்த வசனத்தில் யோசேப்பைக் காவல்கிடங்கிலிருந்து அழைத்துவந்தனர் என்னுமிடத்தில், எபிரெயத்தில் அவர் இடும் சொல் 'போர்', குழி என்பதாம். பானபாத்திரக்காரன் வாயில் வராத சொல் அது. யோசேப்பு தன் முறையீட்டில் சொன்ன சொல். சகோதரர் அவனைத் தள்ளிய இடத்துக்கும் உரிய சொல்.

அதன்பின் பானபாத்திரக்காரரின் தலைவன் வேதாகமத்தில் எங்கும் தோன்றுவதில்லை. யோசேப்பு சவரம்பண்ணி, உடைமாற்றி, பார்வோன் முன் நின்று, 30 வயதில் எகிப்து தேசத்துக்கு அதிகாரியாகிறான். மோதிரமும் பொற்சரப்பணியும் இரதமும் அவனுக்குக் கிடைக்கின்றன. குற்றமற்றவன் என்ற தீர்ப்பு மட்டும் கிடைக்கவில்லை. அவ்வழக்கைப் பற்றிப் பார்வோனிடம் ஒருவரும் பேசியதாக ஆதியாகமத்தின் எஞ்சிய அதிகாரங்களில் ஒரு சொல்லும் இல்லை.