டார்பி நகரத்துச் சோலையும் ஜோசப் ஸ்ட்ரட் என்னும் வள்ளலும்

நம் சங்கத்து மகாஜனங்களுள் தருமஞ்செய்யக் கருதுவோர் பலர் உளர். அவர்களிற் சிலர் நம்மிடம் யோசனை கேட்பதுமுண்டு. சத்திரமாயினும் வாசகசாலையாயினும் நந்தவனமாயினும், கட்டுதற்காகும் செலவையும் பெயர் பொறிக்கும் கல் நிற்குமிடத்தையும் வினவுவோரே மிகுதி. கட்டியபின் அதனைக் காப்போர் யாவர், காத்தற்குரிய பொருள் எங்கிருந்து வரும் என்று வினவுவோரை நாம் கண்டது அரிது. ஆதலின் இங்கிலாந்து தேசத்து டார்பி நகரில் நிகழ்ந்த ஒரு வரலாற்றை ஈண்டு எழுதப் புகுந்தோம்.

டார்பி, டெர்வெண்ட் ஆற்றங்கரையில் உள்ள ஆலைநகரம். அந்நாட்டிலே ஜெடிடையா ஸ்ட்ரட் என்பவர் காலுறை பின்னும் பொறியைத் திருத்தியமைத்துப் பெயர் பெற்று, ஆர்க்ரைட் என்பாருடன் கூடிப் பருத்திநூல் ஆலைகள் நிறுவிப் பெருஞ்செல்வராயினார். அவர்தம் புதல்வருள் ஒருவரே ஜோசப் ஸ்ட்ரட். 1765-ஆம் ஆண்டிற் பிறந்த இவர், 1835-ஆம் ஆண்டுச் சட்டத்தால் நகரசபைகள் திருத்தம்பெற்றபோது, அந்நகரின் புதிய சபைக்கு முதல் மேயராகவும் விளங்கினார். ஆலைகள் பெருகப் பெருகக் குடிகளும் பெருகின. குடிகள் பெருகவே, காலாற நடந்து காற்று வாங்குதற்கிருந்த வெளிநிலங்கள் குறைந்தன. செல்வர்க்கு வீட்டுத் தோட்டம் உண்டு. நாள் முழுதும் நூற்பொறியின் முன் நின்ற தொழிலாளிக்கும் அவன் மனைவி மக்களுக்கும் யாதுண்டு?

இதனைக் கண்ட ஸ்ட்ரட், தமக்குரிய பதினோர் ஏக்கர் நிலத்தை நகரத்தார்க்கே உரிமையாக்கித் தரத் துணிந்தார். இன்பச்சோலை மட்டும் போதாது, மக்கள் மரஞ்செடிகளின் இயல்பை அறியவும் வேண்டும் என்பது அவர் கருத்து. அக்காலத்துத் தோட்டக்கலை வல்லுநருள் தலைசிறந்த ஜான் கிளாடியஸ் லவுடன் என்பாரை 1839-இல் வரவழைத்தார். இந்த லவுடன் வலக்கையை இழந்தவர். மரங்களைப் பற்றிப் பல தொகுதிகளாகப் பெருநூல் இயற்றி, அதனை அச்சிட்ட செலவினால் பெருங்கடனில் ஆழ்ந்தவர். நூல் எழுதிக் கடன்படுதல் நம் பண்டிதர்களுக்கே உரிய பேறு என்று இதுகாறும் எண்ணியிருந்தோம்!

நிலமோ ஒடுங்கியது, மேடுபள்ளமற்றது. லவுடன் ஆங்காங்கே ஆளுயரத்திற்கு மேலும் மண்மேடுகளை எழுப்பி, ஒரு பாதையிற் செல்வோர் அடுத்த பாதையிற் செல்வோரைக் காணாவண்ணம் மறைத்தார். அதனாற் சிறிய இடமும் பெரிதாய்த் தோன்றிற்று. ஆயிரம் வகைக்கு மேற்பட்ட மரங்களையும் புதர்ச்செடிகளையும் நடுவித்து, ஒவ்வொன்றின் அருகிலும் அதன் பெயரும் பிறந்த தேசமும் எழுதிய பலகையை நிறுத்தினார். பூச்செடிகளும் கண்ணாடி வீடுகளும் நிறைந்த தோட்டமாயின் அதனைப் பேணுஞ் செலவு மிகும். மரங்களாயின் அவ்வளவு செலவு பிடிக்காது என்பதையும் அவர் எண்ணிப் பார்த்தே இவ்வகையைத் தெரிந்தெடுத்தனர். ஸ்ட்ரட் தம் வீட்டுத் தோட்டத்திலிருந்த ஒரு சிலையையும் அச்சோலைக்கு அளித்தார். அது தேவர் உருவன்று, அரசர் உருவன்று, ஒரு காட்டுப்பன்றி! இத்தாலியில் பிளாரென்ஸ் நகரத்துப் புகழ்பெற்ற வெண்கலப் பன்றியைப் பார்த்து, வில்லியம் ஜான் காபி என்னும் சிற்பி 1806-இல் சுட்ட மண்ணால் ஆக்கியது.

1840-ஆம் ஆண்டு செப்டம்பர் 16-ஆம் நாள், புதன்கிழமை, சோலை திறக்கப்பட்டது. விழா மூன்று நாள் நடந்தது. முதல்நாள் சபையார்க்கும் பெரியோர்க்கும், மறுநாள் தொழிலாளர்க்கும், அதற்கடுத்த நாள் சிறுவர் சிறுமியர்க்கும் உரியதாயிற்று. தாம் வாழ்நாளெல்லாம் நற்பேறு பெற்றதாகவும், தம் செல்வம் பெருகத் துணைநின்ற உழைப்பாளிகளின் நன்மைக்கு அதில் ஒரு பகுதியைச் செலவிடாதிருத்தல் நன்றிகேடாகும் எனவும் ஸ்ட்ரட் கூறினார். ஈவோன் தானே கடன்பட்டவன் என்று சபை நடுவே ஒப்புக்கொண்டது நம் நெஞ்சைத் தொடுகின்றது. ஏறத்தாழ 10,000 பவுன் இதன்பொருட்டுச் செலவாயிற்று.

இனி, நாம் சொல்லவந்த இடத்திற்கு வருவோம். இத்துணையும் செய்த வள்ளல், சோலையைப் பேணுதற்கென மூலதனம் ஒன்றும் வைத்தாரில்லை. பயன் துய்க்கும் நகரத்தாரே காக்கும் பொறுப்பையும் ஏற்கவேண்டும் என்பது அவர் எண்ணம். நம் முன்னோர் கோயிலில் ஒரு விளக்கெரிக்க விரும்பினும், நெய்க்கென்று தொண்ணூறு ஆடுகளை விட்டுச் சென்றதைக் கல்வெட்டுக்கள் கூறும். டார்பியில் அவ்வேற்பாடு இல்லாமையால், வாரத்தில் இரண்டு நாள் மட்டுமே, ஞாயிறும் புதனும், யாவர்க்கும் வாயில் இலவசமாய்த் திறந்திருந்தது. ஏனைய ஐந்து நாளும் கட்டணம். புதனன்று தொழிலாளி ஆலையில் இருப்பான். ஆகவே அவனுக்கு உண்மையில் வாய்த்தது ஞாயிறு ஒன்றே. எவர் உழைப்பை நினைந்து சோலை பிறந்ததோ, அவரே வாயிற்கட்டணத்திற்குக் காசு தேடவேண்டியவராயினர்.

ஸ்ட்ரட்டைக் குறைகூறுவது நம் நோக்கமன்று. தமக்கு உரியதல்லாத பொருளைக் காப்பதில் மக்களுக்குக் கருத்துச் செல்லாது என்பதும் மெய்யே. நாம் அறிந்த ஓரூரில், கட்டிக்கொடுத்தவரே யாவும் பார்த்துக்கொள்வார் என்று ஊரார் வாளாவிருக்க, ஒரு வாசகசாலையின் புத்தகங்களைக் கறையான் தின்றது. டார்பி நகரத்தார் அவ்வாறு இருந்திலர். ஆண்டுதோறும் சோலையின் பிறந்தநாள் விழாவை நடத்தினர். வெளியூரார் இரயில் வண்டிகளில் வந்து குழுமினர். அவ்வருவாய் சோலையைக் காக்க உதவிற்று. எனினும் வாயிற்கட்டணம் முற்றும் ஒழிந்தது 1882-ஆம் ஆண்டிலேதான். திறப்புவிழா நாளிற் பிறந்த குழந்தைக்கு அப்போது வயது நாற்பத்திரண்டு!

அந்நாளைக் காண ஸ்ட்ரட் இருந்திலர். லவுடன் 1843 டிசம்பரில் மறைந்தார். அடுத்த மாதமே ஸ்ட்ரட்டும் மறைந்தார். அவருக்குப் பின்னரே அவருடைய உருவச்சிலை சோலையின் பெருவாயிற் கட்டிடத்தில் நிறுவப்பெற்றது. அவர் அளித்த பன்றியோ நூறாண்டு அவ்விடத்தே இருந்து, 1941 ஜனவரியில் ஜெர்மானியர் வீசிய குண்டு சோலையின் வாத்திய மண்டபத்தில் விழ, சிதறிய கற்களால் தலையிழந்தது. நெடுங்காலம் பன்றியின்றிக் கிடந்த அச்சோலையில், வெண்கலத்தில் வார்த்த மற்றொரு பன்றி 2005-ஆம் ஆண்டில் வைக்கப்பெற்றது.