இதய மறுவாழ்வில் ஏரோபிக் உடற்பயிற்சி

மாரடைப்பு, பைபாஸ் அறுவை, ஸ்டென்ட் சிகிச்சை ஆகியவற்றுக்குப் பின் மருத்துவக் கண்காணிப்பில் அளிக்கப்படும் நடை, சைக்கிள், டிரெட்மில் முதலிய பயிற்சிகள். பெருந்தசைகளைச் சீராக இயக்கி, உடல் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் திறனைக் கூட்டுவது நோக்கம்.

படுக்கை ஓய்வுக் காலம்: நாள்தோறும் அரைமணி நேரம் மரம் அறுத்த நெஞ்சுவலிக்காரர் ஒருவர் ஏறக்குறைய குணமடைந்ததை 18-ஆம் நூற்றாண்டின் ஆங்கில மருத்துவர் வில்லியம் ஹெபர்டன் பதிவு செய்தார். அது சிகிச்சையாக வளரவில்லை. 1912-இல் அமெரிக்க மருத்துவர் ஜேம்ஸ் ஹெரிக் மாரடைப்பைத் தெளிவாக விவரித்த பின், நீண்ட படுக்கை ஓய்வே வழக்கமாயிற்று. இறந்த இதயத் தசை தழும்பாக ஆறச் சில வாரங்கள் ஆகும்; அதற்குள் அசைந்தால் இதயச் சுவர் கிழியும் என அஞ்சினர். அசையாமல் கிடந்தவர்களுக்கோ கால் சிரைகளில் இரத்தம் உறைந்தது. உறைகட்டி நுரையீரலை அடைத்துச் சிலர் இறந்தனர்.

திருப்பம்: 1952-இல் பாஸ்டனைச் சேர்ந்த சாமுவேல் லெவைனும் பெர்னார்ட் லவுனும் நோயாளிகளைத் தொடக்க நாள்களிலேயே நாற்காலியில் உட்காரவைத்த அனுபவத்தை வெளியிட்டனர். லண்டன் மாடிப் பேருந்துகளில் படியேறி இறங்கிய நடத்துநர்களைவிட, உட்கார்ந்தே இருந்த ஓட்டுநர்களுக்கு இதயநோய் மிகுதி என 1953-இல் ஜெரமி மாரிஸ் காட்டினார். 1955-இல் மாரடைப்புக்கு உள்ளான அமெரிக்க அதிபர் ஐசனோவர், மருத்துவர் பால் டட்லி ஒயிட்டின் ஊக்கத்தால் பணிக்கும் கோல்ஃபுக்கும் திரும்பியது பொதுமக்களின் அச்சத்தைத் தணித்தது. கிளீவ்லாந்தில் ஹெர்மன் ஹெலர்ஸ்டைன் பயிற்சியையும் ஆலோசனையையும் இணைத்த மறுவாழ்வு முறையை வளர்த்தார். 1968-இல் வெளியான டல்லாஸ் ஆய்வில், 20 நாள் படுத்தே கிடந்த 5 இளைஞர்களின் ஆக்சிஜன் பயன்பாட்டுத் திறன் கால் பங்குக்கு மேல் சரிந்து, பயிற்சியால் மீண்டது. படுக்கையே உடலை நலிவிக்கும் என்பது அளவீட்டில் உறுதியாயிற்று.

அளவு நிர்ணயம்: மருந்தைப் போலப் பயிற்சிக்கும் அளவு வேண்டியிருந்தது. 3 நிமிடத்துக்கு ஒருமுறை வேகத்தையும் சரிவையும் கூட்டும் ராபர்ட் புரூஸின் டிரெட்மில் சோதனை, பாதுகாப்பான எல்லையை அறிய உதவியது. பீட்டா தடுப்பு மருந்துகள் நாடித்துடிப்பைக் குறைப்பதால், துடிப்பை மட்டும் நம்ப இயலாத நிலையில், சுவீடனின் குன்னர் போர்க் வகுத்த 6 முதல் 20 வரையிலான சிரம அளவுகோல் பரவியது.

சான்றுகள்: 1980-களின் இறுதியில் பல ஆய்வுகளைத் தொகுத்த பகுப்பாய்வுகள், பயிற்சி சார்ந்த மறுவாழ்வு பெற்றோரிடம் இறப்பு ஐந்தில் ஒரு பங்கு அல்லது அதற்கு மேல் குறைந்ததாகக் காட்டின. இதயச் செயலிழப்பு உள்ளோருக்கும் பயிற்சி பாதுகாப்பானது என்பதை 2009-இல் 2,331 பேரைக் கொண்ட ஆய்வு காட்டியது. இந்தியாவில் 24 மருத்துவமனைகளில் 3,959 மாரடைப்பு நோயாளிகளிடம் யோகா சார்ந்த மறுவாழ்வு சோதிக்கப்பட்டது. 2020-இல் வெளியான முடிவின்படி வாழ்க்கைத்தரம் மேம்பட்டது, ஆனால் இறப்பு, மறுமாரடைப்பு உள்ளிட்ட பெரும் பாதிப்புகளில் புள்ளியியல் அடிப்படையில் உறுதியான குறைவு காணப்படவில்லை. மருத்துவமனைக்கு வர இயலாதோருக்கு வீட்டுவழிப் பயிற்சி அளிக்கப்படுகிறது. ஒப்பீட்டு ஆய்வுகளில் அதன் பலன் மையவழிப் பயிற்சியை ஒத்திருந்தது.