லைனுக்குப் போகிற வண்டி: தயாரிப்பின் வரலாறு பற்றிச் சில குறிப்புகள்

'வண்டி ரெடி' என்ற இரண்டு சொற்களுக்குள் என்னென்ன அடங்கும் என்று நாமக்கல், திருச்செங்கோடு, சங்ககிரிப் பக்கம் ஏதாவதொரு பட்டறையில் நிற்பவரைக் கேட்டால் மூச்சுவிடாமல் சொல்வார். ஆயில் மாத்தியாச்சா, கிரீஸ் அடிச்சாச்சா, மெயின் பட்டையில் விரிசல் உண்டா, பிரேக் லைனர் எந்த மட்டில் இருக்கிறது, பத்து டயருக்கும் காற்று சரியா, ஸ்டெப்னி பேருக்குக் கிடக்கிறதா நிஜமாகவே ஓடுமா. ஜாக்கி, வீல் ஸ்பேனர், சக்கரத்துக்கு முட்டுக்கொடுக்கிற கட்டை, தார்ப்பாய், கயிறு. அப்புறம் சமையல் சாமான்: ஸ்டவ், அரிசி, பருப்பு, புளி, மிளகாய்த்தூள், தண்ணிக் கேன். நாக்பூரைத் தாண்டினால் நம்ம ஆட்கள் நினைக்கிற சோறு கிடைக்காது. ரொட்டியைத் தின்றுகொண்டே பதினைந்து நாள் ஓட்ட முடியாது. அதற்கப்புறம் காகிதங்கள்: ஆர்.சி., பெர்மிட், எஃப்.சி., இன்சூரன்ஸ், வரி ரசீது. எல்லாம் முடிந்து முன்சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம். அது நசுங்கியதும் வண்டி கிளம்பிவிடும்.

இந்தப் பட்டியலில் ஒரு கேள்வி மட்டும் கிடையாது. ஓட்டப்போகிறவர் நேற்று ராத்திரி தூங்கினாரா? போகிற வழியில் எங்கே, எப்போது தூங்குவார்? யாரோ மறந்துபோன கேள்வி என்று இதை விட்டுவிட முடியாது. ஒரு காலத்தில் இது சட்டத்துக்குள் எழுதப்பட்டது. பிறகு அடித்து எழுதப்பட்டது. லாரி என்கிற பொருள் இந்த நாட்டில் எப்படித் தயாரிக்கப்பட்டது என்பதைப் பார்த்தால், தூக்கம் எந்த இடத்தில் நுழைந்து எந்த இடத்தில் வெளியேற்றப்பட்டது என்பதும் தெரியவரும்.

முதலில் காகிதங்கள். அரசின் பார்வையில் லாரி ஆரம்பத்திலிருந்தே சந்தேகத்துக்குரிய பொருள். 1930களின் பொருளாதார மந்தத்தில் ரயில்வே வருமானம் சரிந்தபோது, ரோடு ரயிலிடமிருந்து எவ்வளவு பறிக்கிறது என்று கணக்குப் பார்க்க மிட்செல், கிர்க்னெஸ் என்ற இரண்டு அதிகாரிகளைக் காலனி அரசு நியமித்தது. அவர்கள் அறிக்கை தந்தார்கள். ரயிலுக்குள் முடங்கிக் கிடந்த மூலதனம் யாருடையது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. 1939ஆம் வருஷ மோட்டார் வாகனச் சட்டம் கொண்டுவந்த பெர்மிட் ஏற்பாடு அந்தக் கவலையின் பிள்ளை. எந்த லாரி எந்த ரோட்டில் எவ்வளவு தூரம் போகலாம் என்பதை அரசு தீர்மானிக்கும். சுதந்திரம் வந்தும் இந்தச் சந்தேகம் போகவில்லை. மாநில எல்லையைத் தாண்ட வேண்டுமென்றால் தனித்தனி அனுமதி, தனித்தனி வரி. 1975இல் நேஷனல் பெர்மிட் வந்த பிறகும், போகிற மாநிலங்களைக் குறிப்பிட்டு ஒவ்வொன்றுக்கும் வரி கட்ட வேண்டியிருந்தது. மொத்தமாக 15,000 ரூபாய் கட்டி நாடு முழுக்க ஓடலாம் என்ற நிலை 2010இல்தான் வந்தது. நார்த் லைன் போகிற வண்டிக்கு எஞ்சினைவிடக் காகிதக் கட்டு முக்கியமாகிப்போனதன் கதை இது.

ரயிலைக் காக்க வந்த அதே 1939 சட்டத்தில்தான் டிரைவரின் உடம்பும் முதன்முறையாகக் கணக்குக்கு வருகிறது என்பது கவனத்திற்குரியது. தொடர்ந்து ஐந்து மணி நேரம் ஓட்டினால் அரை மணி ஓய்வு. நாளைக்கு ஒன்பது மணி நேரம், வாரத்துக்கு 54 மணி நேரம் என்று உச்சவரம்பு. 1961இல் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் அதை எட்டு மணி, 48 மணி என்று குறைத்தது. காகிதத்தில் அழகான சட்டம். ஆனால் ஐந்து பேருக்குக் குறையாமல் வேலை செய்கிற நிறுவனங்களுக்குத்தான் அது பொருந்தும். கொங்கு வட்டாரத்தில் லாரித் தொழில் வளர்ந்த விதத்தை யோசித்துப் பாருங்கள். மானாவாரி நிலத்தில் வந்த கொஞ்சம் காசு, சொந்தக்காரர்களிடம் புரட்டியது, பாக்கிக்கு ஃபைனான்ஸ் - இப்படி ஒரு வண்டி. அது ஓடி டியூ கட்டினால் இன்னொரு வண்டி. ஒரு வண்டிக்கு இரண்டு டிரைவர், ஒரு கிளீனர் என்று ஒழுங்காக ஆள் போட்டால் இரண்டு வண்டிக்கு ஆறு பேர். சட்டம் உள்ளே வந்துவிடும். ஆளைக் குறைத்தால் சட்டம் வெளியிலேயே நிற்கும். இரண்டாவது வண்டி வீட்டம்மா பேரிலோ மச்சான் பேரிலோ இருந்துவிட்டால் இன்னும் தூரத்தில் நிற்கும்.

அடுத்து, வண்டியின் உடம்பு. 'பாடி கட்டுறது' என்கிறோமே, அந்தச் சொல்லைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். 1948இல் எண்ணூரில் அசோக் மோட்டார்ஸ் தொடங்கியது. 1955இல் அது அசோக் லேலண்ட் ஆயிற்று. ஜம்ஷெட்பூரில் டாட்டா, பென்ஸ் கூட்டில் 1954 முதல் லாரி வந்தது. ஆனால் இந்தக் கம்பெனிகள் பல பத்தாண்டுகள் விற்றவற்றில் பெரும்பகுதி முழு லாரி அல்ல, சேசிஸ். எஞ்சின், சக்கரம், ஸ்டியரிங், முன்னால் ஒரு முகம். கதவு கிடையாது, கூரை கிடையாது, சில சமயம் சீட்டுகூடக் கிடையாது. தொழிற்சாலையிலிருந்து சேசிஸை ஓட்டிக்கொண்டுபோய் ஒப்படைக்கிற டிரைவர், ஒரு பலகையைப் போட்டு உட்கார்ந்து, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, வெயிலிலும் மழையிலும் நூற்றுக்கணக்கான மைல் போவார். அந்தக் காட்சியைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அது விநோதமாகப் படவில்லை. எனக்கு இப்போது படுகிறது. மனிதன் உட்காருகிற இடம் இந்தச் சரக்கைச் சேர்ந்ததல்ல, அது வாங்குகிறவன் பொறுப்பு என்று தொழிற்சாலை முடிவு செய்திருக்கிறது. முதலாளியம் தொழிலாளியின் உடலை எப்படிப் பார்க்கிறது என்று நாம் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறோம். கூரையில்லாத ஒரு சேசிஸ் அதைப் பட்டப்பகலில் ரோட்டில் ஓட்டிக் காட்டியது.

கம்பெனி விட்ட இடத்தை நிரப்பியது நாமக்கல், திருச்செங்கோடு பட்டறைகள். தச்சர், கொல்லர், வெல்டர், பெயிண்டர், மெத்தை தைக்கிறவர் என்று பல சாதிக் கைகளும் கூடிய வேலை. பொறியியல் கல்லூரி எதுவும் இதைச் சொல்லித் தரவில்லை. ஓட்டிவிட்டு வந்த டிரைவர் பக்கத்தில் நின்று, "கதவை இன்னும் நாலு விரல் இறக்குங்க", "பெட்டியை இந்தப் பக்கம் வைங்க" என்று சொல்லச் சொல்லக் கட்டினார்கள். தலைக்கு மேலே துணிமணிக்கு அடுக்கு, பக்கவாட்டில் ஸ்டவ் வைக்கப் பெட்டி, கண்ணாடிக்கு மேலே சாமிப் படங்கள், டிரைவர் சீட்டுக்குப் பின்னால் குறுக்கே நீளமாக ஒரு பலகை. அதன்மேல் மெத்தை, அதற்கடியில் சாமான். லாரிக்குள் ஒரு வீட்டைக் கட்டிக்கொண்டார்கள் என்று ரொமான்டிக்காகச் சொல்லிவிடலாம். சொல்பவர்கள் சொல்லிக்கொண்டும் இருக்கிறார்கள். வேறு வீடு மாதத்துக்கு இரண்டு நாள்தான் கிடைக்கும் என்பதால் கட்டிய வீடு அது.

இந்தப் பலகைக்குச் சட்டத்தில் ஓர் இடம் கிடைத்தது. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தைத் தொடர்ந்து 1989இல் வந்த மத்திய விதிகளில் 90வது விதி, நேஷனல் பெர்மிட் வண்டிகளுக்கான நிபந்தனைகளைச் சொன்னது. வண்டிக்குக் காய்ந்த இலையின் பழுப்பு நிறம், ஓரத்தில் வெள்ளைப் பட்டை என்று பெயிண்ட் சமாச்சாரத்தையெல்லாம் சொல்லிக்கொண்டே வந்து, நடுவில் ஒரு காரியம் செய்தது: கனரக வண்டிக்குக் குறைந்தது இரண்டு டிரைவர்கள் வேண்டும், டிரைவர் சீட்டுக்குப் பின்னால் வண்டியின் முழு அகலத்துக்கும் ஓர் இருக்கை வேண்டும், மாற்று டிரைவர் அதில் கால் நீட்டித் தூங்க வசதியிருக்க வேண்டும். பட்டறைத் தச்சன் ஏற்கெனவே கட்டிவைத்திருந்ததை விதி பின்னால் வந்து எழுதிக்கொண்டது மாதிரி இருக்கிறது. கால் நீட்டித் தூங்குவது என்கிற காரியம் பெயிண்டோடு சேர்ந்து ஓர் அரசாணையில் வந்ததே பெரிது.

நடைமுறையில் இரண்டாவது டிரைவர் என்னவானார்? செக்கிங்கில் காட்ட ஒரு லைசென்ஸ் இருந்தால் போதும். கிளீனரே அரைகுறையாக ஓட்டக் கற்றுக்கொண்டு இரண்டாவது டிரைவர் ஆவார். இதில் ஓனரை மட்டும் குற்றம் சொல்லிவிட்டுப் போவது நமக்கு வசதியான காரியம், விஷயம் அப்படியில்லை. இங்கே டிரைவருக்குச் சம்பளம் என்பதைவிடப் படி என்பதுதான் பேச்சு. வாடகையில் நூற்றுக்கு இவ்வளவு என்று பேசிக்கொள்வார்கள். ரெண்டு பேர் போனால் படி பாதியாகும். ஒற்றை ஆளாய்ப் போனால் முழுசாக வரும், மகள் கல்யாணத்துக்கு ஆகும், நாளைக்கு ஒரு வண்டிக்கு அட்வான்ஸ் கொடுக்க ஆகும். டிரைவராயிருந்து ஓனரானவர்கள் ஊருக்கு நாலு பேர் கண்முன்னால் இருக்கிறார்கள். ஆகவே தூக்கத்தை விற்பது டிரைவருக்கு முதலீடாகத் தெரிகிறது. சுரண்டல் வெளியிலிருந்து மட்டும் வருவதில்லை, ஆசையாக உள்ளிருந்தும் வேலை செய்கிறது. சங்கம் கட்டப்போகிற தோழர்கள் இடறி விழுகிற இடமும் இதுதான். ஓனர்களுக்கு நாமக்கல்லில் மாநில சம்மேளனம் இருக்கிறது. அவர்கள் வண்டியை நிறுத்தினால் டில்லிவரை கேட்கிறது. 'நானும் நாளைக்கு ஓனர்' என்றிருப்பவனை எந்தச் சங்கத்தில் சேர்ப்பது?

1990களில் டிரைவரின் உடம்பு திடீரென்று எல்லோர் கண்ணிலும் பட்டது. 1986இல் சென்னையில் நாட்டின் முதல் எச்.ஐ.வி. தொற்று கண்டறியப்பட்டது, பரிசோதிக்கப்பட்ட ரத்தம் பாலியல் தொழில் செய்த பெண்களுடையது. அவர்களுக்கு அடுத்தபடியாகக் கைநீட்டிக் காட்டப்பட்டவர்கள் லாரி டிரைவர்கள். அரசின் எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சொல்லாடலில் அவர்களுக்குக் கிடைத்த பெயர் 'பாலம்': நோய் ஒரு கரையிலிருந்து மறுகரைக்குப் போகிற வழி. பாலத்துக்கென்று வலியும் தூக்கமும் கிடையாதல்லவா! தயாரிப்புப் பட்டியலில் ஆணுறை சேர்ந்தது. தேவையான பொருள்தான், உயிர்களைக் காத்தது. ஆனால் முதுகெலும்பு தேய்ந்தவர்கள், மூலமும் சர்க்கரையும் வந்தவர்கள், விடியற்காலை மூன்று மணிக்குக் கண்ணசந்து நின்ற வண்டியின் பின்னால் போய் மோதியவர்கள் எந்தச் சொல்லாடலுக்குள்ளும் வரவில்லை. அடுத்தவருக்குத் தொற்றாத நோய்களாகப் போய்விட்டன அவை.

2017 ஜூலை 1இல் ஜி.எஸ்.டி. வந்தது; மாநில எல்லைகளில் இருந்த விற்பனைவரிச் செக்போஸ்ட்டுகள் எடுக்கப்பட்டன. நல்ல காரியம் என்று எல்லோரும் சொன்னார்கள். மாமூல் ஓரளவு குறைந்தது என்ற வகையில் நல்ல காரியமே. ஆனால் பழைய டிரைவர்களோடு பேசினால் வேறொன்று கிடைக்கும். செக்போஸ்ட் வரிசையில் மணிக்கணக்காக, சில சமயம் நாள்கணக்காக, நின்ற நேரம்தான் தூங்கின நேரம், சோறு பொங்கின நேரம், பக்கத்து வண்டிக்காரரோடு பேசின நேரம். பொருளாதார நிபுணர்களின் கணக்கில் 'விரயம்' என்றிருந்தது இவர்களின் ஓய்வு. 2018 ஏப்ரல் முதல் இ-வே பில் கட்டாயமானது. நாளைக்கு 100 கிலோமீட்டர் என்று கணக்கிட்டு அந்தச் சீட்டுக்கு ஆயுள் கொடுத்தார்கள். 2021 ஜனவரி முதல் நாளைக்கு 200 கிலோமீட்டர். அதே தூரத்துக்குப் பாதி ஆயுள். சீட்டு காலாவதியானால் அபராதம். காகிதத்துக்குள்ளேயே இப்போது ஒரு கடிகாரம் ஓடுகிறது.

அதே 2018இல் இரண்டு காரியங்கள் நடந்தன. ஜூலையில் அச்சுப் பளுவின் வரம்பு உயர்த்தப்பட்டு, வண்டிகள் ஏற்றலாகிற எடை ஏறக்குறைய கால்பங்கு கூடியது. நேஷனல் பெர்மிட் வண்டிக்கு இரண்டு டிரைவர் கட்டாயம் என்ற நிபந்தனை நீக்கப்பட்டது. ஜூலை மாத லாரி ஸ்டிரைக்கில் ஓனர்கள் கேட்ட கோரிக்கைகளில் இதுவும் ஒன்று. ஆள் கிடைக்கவில்லை என்பது அவர்கள் சொன்ன காரணம், அது பொய்யுமல்ல. டிரைவர்கள் தங்கள் பிள்ளைகளை இந்தத் தொழிலுக்கு அனுப்புவதில்லை. ஏன் அனுப்புவதில்லை என்ற கேள்வி பேச்சுவார்த்தை மேஜைக்கு வரவில்லை. பளு கூடிய வருஷத்திலேயே ஆள் பாதியானது.

1961 சட்டத்தையும் இன்னும் பல சட்டங்களையும் விழுங்கிய தொழிலிடப் பாதுகாப்புத் தொகுப்பு 2020இல் நிறைவேறி, 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. பழைய சட்டத்தில் ஐந்து பேர் என்றிருந்த வாசற்படி இதில் பத்துப் பேர் என்று உயர்ந்திருக்கிறது. இரண்டு வண்டிக்கு ஒழுங்காக ஆள் போட்டவர்கூட இனி வெளியில்தான். அதற்கு ஒரு மாதம் முன்னால், 2025 அக்டோபர் 1 முதல், தயாராகிற கனரக லாரிகளின் கேபினில் ஏ.சி. இருக்க வேண்டும் என்ற விதி அமலுக்கு வந்தது. துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு சேசிஸ் ஓட்டிய தலைமுறைக்கு இது நம்ப முடியாத செய்தியாக இருக்கும். வரவேற்போம். கம்பெனி ஏ.சி. பெரும்பாலும் எஞ்சின் ஓடினால்தான் ஓடும். வண்டியை ஓரங்கட்டி, பலகையில் கால் நீட்டுகிற நேரத்தில் எஞ்சினை ஓடவிட்டால் டீசல் கணக்கு யாரிடம் போகும் என்பது நாமக்கல்லில் எல்லோருக்கும் தெரியும்.